பெயர் போடாத ஹம்மிங்

என் அம்மாவுக்கு ‘வ’ வராது. ‘வா’ என்று கூப்பிட்டால் ‘பா’ என்றுதான் விழும். வங்காளிகளுக்கு நாக்கு அப்படித்தான் என்று அப்பா சமாதானம் சொல்வார். கல்கத்தாவில் அம்மாவின் வீட்டில் அவளுடைய அப்பா, அண்ணன்கள் எல்லோரும் சினிமாவுக்கு வாசித்தவர்கள். அங்கே ஒரு ரிக்கார்டிங்குக்குப் போன அப்பாவைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டு சென்னைக்கு வந்தாள். வந்த இடமும் சினிமாக் குடும்பம்தான். பெரியப்பா இசையமைப்பாளர், அப்பா அவருக்குக் கீபோர்டு வாசிப்பவர். அம்மாவுக்கு ட்ராக் பாடும் வேலை. பெரிய பாடகி வந்து பாடும்வரை பாட்டில் இடம் பிடித்து வைக்க வேண்டும், பஸ் சீட்டில் துண்டு போடுவதைப் போல.

ஒரே ஒரு பாட்டில் மட்டும் அந்தத் துண்டை எடுக்க முடியவில்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஊரெல்லாம் ஓடிய பாட்டு அது. நடுவில் வார்த்தையே இல்லாமல் மேலே மேலே ஏறிப்போகும் ஒரு ஹம்மிங். பாடகிக்கு அது எட்டவில்லை. அம்மாவின் குரலையே வைத்துவிட்டார்கள். பெயர் மட்டும் போடவில்லை.

“ஹம்மிங்குக்கெல்லாம் யாரும்மா பேர் போடுவாங்க?” என்று பெரியப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அந்த வருஷம் திருவிழாவின்போது, சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் பெரியப்பாவுக்குப் பாராட்டு விழா நடந்தது. சன்னதித் தெருவை அடைத்து மேடை. வெயில் தாழ்வதற்குள்ளேயே நாற்காலிகள் நிரம்பிவிட்டன. பெரியப்பா புதுப் பட்டு அங்கவஸ்திரத்தோடு மேடையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். அப்பா ஓரத்தில் கீபோர்டோடு இருந்தார். உள்ளூர்க் குழுவில் பாடும் ஒரு கல்லூரிப் பெண் அந்தப் பாட்டை நன்றாகத்தான் பாடினாள். ஹம்மிங் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். அப்பா அதைக் கீபோர்டிலேயே வாசித்து ஒப்பேற்றினார்.

“ஹம்மிங் எங்கப்பா?” என்று கூட்டம் கத்தியது.

பெரியப்பா மைக்கை வாங்கினார். அது ரொம்பக் கஷ்டமான இடம் என்றும், படத்தில் பாடிய அந்தப் பெரிய பாடகியின் தொண்டைக்கு மட்டும்தான் அது வரும் என்றும் சொல்லி, அவர் பெயரையும் சொன்னார். கைதட்டல் அடங்குவதற்குள் என் பக்கத்திலிருந்த அம்மா எழுந்துவிட்டாள்.

அத்தை அவள் முந்தானையைப் பிடித்தாள். “அண்ணி, எங்க போறீங்க? குந்துங்க. ஊரே பாத்துக்கினு இருக்குது.”

“பாக்கட்டும்.”

எனக்கு அழுகை வந்தது. “பேசாதம்மா, பாடிட்டு மட்டும் வந்துடு” என்று கெஞ்சினேன். அவள் முந்தானையை உருவிக்கொண்டு மேடை ஏறினாள். மைக்கைப் பிடித்ததும் நான் பயந்ததுதான் நடந்தது.

“பணக்கம்” என்றாள்.

“பணம் கேக்குதுபா அந்தம்மா!” என்று யாரோ கத்த, தெருவே சிரித்தது. பெரியப்பா அப்பாவிடம், “கீழ கூட்டிக்கினு போடா” என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் அம்மா பிடித்திருந்த மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

அப்பா அண்ணனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு கீபோர்டில் கையை வைத்து, ஹம்மிங் தொடங்கும் சுரத்தை வாசித்தார்.

அம்மா பாடினாள். வீட்டில் சமைத்துக்கொண்டே பாடுகிற அதே குரல்தான். ஆனால் சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். உச்சத்துக்குப் போனபோது எனக்கு முன்னாலிருந்தவர் திரும்பி, “அதே குரல்பா!” என்றார். செல்போன்கள் உயர்ந்தன.

முடித்தவள் மைக்கை விடவில்லை. “படத்துல பாடினதும் நான்தான். பேர் போடலை. அதனால நானே சொல்றேன். என் பேரு பிஜோயா.”

எங்கள் வீட்டில் எல்லோரும் அவளை விஜயா என்றுதான் கூப்பிட்டார்கள். அதையும் தப்பாகச் சொல்கிறாளே என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பிறந்தபோது வைத்த பெயரே அதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதன்பின் பெரியப்பாவின் ஸ்டுடியோவிலிருந்து போன் வரவில்லை. அப்பா கல்யாண ரிசப்ஷன்களுக்கு வாசித்தார். அம்மா தென்னேரி, கூரம் என்று திருவிழா மேடைகளில் பாடப் போனாள். ஃபிளெக்ஸ் பேனரில் அவள் பெயரைப் பெரிதாகப் போட்டார்கள். குடும்ப மானம் போச்சு என்று அத்தை வந்து அழுதபோது, “என் பேரு போகலை” என்று காபி கலந்து கொடுத்தாள்.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பெரியப்பாவின் கார் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. நாங்கள் பஸ்ஸில் கிளம்பினோம். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அப்பா வழியில் வாங்கிய மல்லிகைப் பூவை, எல்லோரும் பார்க்க, அம்மாவின் தலையில் கோணலாக வைத்துவிட்டார். பின்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஏதோ பெரிய பரிசு கிடைத்திருக்கிறது, என்னிடம் சொல்லாமல் ஒளிக்கிறார்கள் என்று நினைத்து, என்ன பரிசு என்று வீடு வரும்வரை நச்சரித்தேன். இரண்டு பேருக்கும் வேலை போய் இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.