இதோ, பக்கத்தில்தான் மாமா

என் மாமனாரைப் பற்றி என் மனைவியிடம் ஒரு பொய் சொன்னேன். பெரிய பொய்கூட இல்லை, ஒரு வரிப் பொய். அதனால் ஒரு மனிதர் ரைன் நதியைப் பார்க்காமலே ஜெர்மனியிலிருந்து திரும்பிப் போனார்.

அதை இப்போது ஏன் கிளறுகிறேன்? போன வாரம் வாசகர் ஒருவர் போன் செய்தார். குடும்பத்தோடு ஐரோப்பா டூர் போகிறாராம்.

"நீங்க அங்கேயே இருந்தவராச்சே சார்... ஃபிராங்க்ஃபர்ட்ல முதல்ல எதைப் பார்க்கணும்?"

"டாய்லெட் எங்கே இருக்குன்னு பாருங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். டார்ம்ஸ்டாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. கல்யாணமாகி கமலா வந்து சேர்ந்த மறுவருஷம், அவளுடைய அப்பா கும்பகோணத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்தார். ஹைஸ்கூலில் பூகோள வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். எத்தனையோ வருஷம் கரும்பலகையில் ரைன் நதியைச் சாக்பீஸால் வரைந்து காட்டியவர். ஏர்போர்ட்டில் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டார்.

"மாப்பிள்ளை, ரைன் இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"இதோ, பக்கத்தில்தான் மாமா."

அது பொய்யில்லை. ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் ரைன் கரையில் மைன்ஸ் நகரம். அங்கே படகு ஏறலாம். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு. முதல் ஞாயிறு ஒரு வெள்ளோட்டம் — ஃபிராங்க்ஃபர்ட் நகரம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஊருக்கு எழுதிய கடிதங்களில் என் ஜெர்மன் அருவி மாதிரி கொட்டும். நிஜம் வேறு. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் என்னோடு இங்கிலீஷ்தான் பேசுவார்கள். எனக்கு ரொட்டி வாங்கத் தெரியும், டிக்கெட் வாங்கத் தெரியும். அதற்கு மேல் யாராவது பேசினால், புரிந்த மாதிரி தலையாட்டத் தெரியும். மாமாவுக்கும் கமலாவுக்கும் என் தலையாட்டல் போதுமானதாக இருந்தது.

அன்று நல்ல குளிர். மாமா தான் கொண்டுவந்த பொடியில் போட்ட காபியை இரண்டு டம்ளர் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தார். கதீட்ரலைப் பார்த்தோம். பழைய சதுக்கத்தைப் பார்த்தோம். மாமா மெதுவாக என் பக்கம் வந்து, கமலா காதில் விழாத குரலில் கேட்டார்.

"பாத்ரூம் எங்கேயாவது இருக்குமா மாப்பிள்ளை?"

அந்தக் காலத்து மாமனார். மாப்பிள்ளையிடம் வாய்விட்டு இதைக் கேட்கிறார் என்றால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

"இதோ, பக்கத்தில்தான் மாமா" என்றேன்.

எனக்கு ஒரே ஒரு டாய்லெட்தான் தெரியும். பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் இரண்டாவது மாடியில். அங்கே போனால் பூட்டு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. யாருக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். கடையை மூடினால் கடைக்குள் இருக்கும் டாய்லெட்டையும் சேர்த்துத்தான் மூடுவார்கள் என்பது, கதவின் முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

மறுபடி கேட்டார். மறுபடி "இதோ" என்றேன். தெருவுக்கு அடியில் படியிறங்கிப் போகும் டாய்லெட் ஒன்று தட்டுப்பட்டது. அப்போது சுரங்க ரயிலுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள். படிக்குக் குறுக்கே சங்கிலி.

வழியெல்லாம் ஹோட்டல்கள். உள்ளே மஞ்சள் விளக்கில் ஜனங்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நுழைந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டாய்லெட்டுக்கு ஜெர்மனிலும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான். ஆனால் அவர்கள் பதில் சொல்வார்களே... இடதா, வலதா, மாடியா, கீழேயா? அது புரியாமல் நான் விழிப்பதை இவர்கள் இரண்டு பேரும் பார்ப்பார்களே?

கேட்கவில்லை. நடந்தேன். மாமா இன்னும் இரண்டு தரம் கேட்டார். இரண்டு "இதோ" சொன்னேன்.

ஃபிராங்க்ஃபர்ட் நடுவே ஓடும் மைன் ஆற்றின் கரைக்கு வந்ததும் மாமா நின்றுவிட்டார். நான் இரவல் கொடுத்திருந்த நீள ஓவர்கோட்டைக் கீழ்ப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டார். முகத்தை எங்களிடமிருந்து திருப்பித் தண்ணீரைப் பார்த்தார்.

"இது போய் ரைன்லதானே சேர்றது?" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கமலாவுக்குப் புரியவில்லை.

திரும்பி வரும் ரயிலில் பெட்டி முழுக்கக் காலி. மாமா உட்காரவில்லை.

"உட்காருங்கப்பா. இவ்வளவு சீட் கிடக்கே" என்றாள் கமலா.

"வேடிக்கை பார்க்கறேம்மா. நின்னாத்தான் நன்னாத் தெரியறது."

வெளியே இருட்டிவிட்டிருந்தது. ஜன்னலில் அவர் முகம்தான் தெரிந்தது. டார்ம்ஸ்டாட் வரை நின்றுகொண்டே வந்தார்.

வீட்டில் பக்கெட்டில் பேண்ட் ஊறுவதைக் கமலா பார்த்துவிட்டாள். சமையலறைக்கு வந்து கேட்டாள்.

"என்னங்க இது... அப்பா உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

"சொல்லவே இல்லை கமலா. வயசாயிடுச்சு. அவருக்கே தெரியலை போல" என்றேன்.

அதுதான் அந்த ஒரு வரி.

மறுநாள் கமலா ஒரு ரப்பர் ஷீட் வாங்கி வந்து அப்பாவின் படுக்கையில் விரித்தாள். பாசத்தோடுதான். மாமா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறந்திருக்கலாம். 'உன் புருஷனை நாலு தரம் கேட்டேம்மா' என்றால் முடிந்தது. சொல்லவில்லை. பெண்ணைக் கொடுத்தவர். மகள் கண்ணில் மாப்பிள்ளையை இறக்கிவிட்டு அவர் ஊருக்கு விமானம் ஏறமாட்டார். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் அதில் குளிர் காய்ந்தேன்.

படகுப் பயணத்தைக் கமலாவே ரத்து செய்தாள். "அவரை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?"

ரைன் படகில் டாய்லெட் உண்டு. எனக்குத் தெரியும். சொன்னால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பதும் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். மீதி நாட்களை மாமா ஜன்னலோரம் கழித்துவிட்டுப் புறப்பட்டார். ரப்பர் ஷீட்டையும் மடித்து அவர் பெட்டியில் வைத்தாள் மகள்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் கும்பகோணம் போனோம். மாயவரத்தில் ஒரு கல்யாணம். எல்லோரும் கிளம்ப, மாமா மட்டும் "நீங்க போய்ட்டு வாங்கோ" என்றார்.

"ஜெர்மனியிலேருந்து வந்ததுலேருந்து இப்படித்தான் மாப்பிள்ளை" என்றார் மாமியார். "பஸ் ஏறமாட்டார். காபியைக்கூட விட்டுட்டார்."

அவருடைய கட்டிலைப் பார்த்தேன். விரிப்புக்கு அடியில் ரப்பர் ஷீட்டின் ஓரம் எட்டிப் பார்த்தது.

மத்தியானம் இலையில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "மாமா அன்னிக்கு என்கிட்ட கேட்டார். ஒரு தரம் இல்லை, நாலு தரம். எனக்கு இடம் தெரியலை. யாரையும் கேட்க ஜெர்மனும் தெரியலை. கமலாகிட்ட பொய் சொன்னேன்."

மாமாதான் முதலில் பேசினார்.

"ரசம் ஆறறது. சாப்பிடுங்கோ மாப்பிள்ளை."

கமலா எழுந்து உள்ளே போனாள். ரப்பர் ஷீட்டை உருவி எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கையில் அது இல்லை. என்னிடம் பேச்சும் இல்லை. சாயங்காலம் மாமியார் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து மாமா முன்னால் வைத்தார். மாமா குடித்தார்.

பொய்யை ஒப்புக்கொண்டால் போதுமா? ரைன்?

அடுத்த கோடையில் மாமாவைத் திரும்ப வரவழைத்தேன். அதற்கு முன்னால் மாலை வகுப்பில் சேர்ந்து ஒழுங்காக ஜெர்மன் படித்தேன். மைன்ஸுக்குத் தனியாகப் போய் வந்தேன் — ஞாயிற்றுக்கிழமை, நினைவிருக்கட்டும். போலீஸ்காரர், பூக்காரி, சர்ச் வாசலில் நின்ற பாதிரியார், எல்லோரையும் ஒரே கேள்வி கேட்டேன். எல்லோரும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். இடது, வலது, மாடி, கீழே... எல்லாம் புரிந்தது.

அந்த ஞாயிறும் வந்தது. ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு டாய்லெட். கதீட்ரலுக்குப் பின்னால் ஒன்று. ஆற்றங்கரைக்குத் திரும்பும் முனையில் இன்னொன்று. அவர் கேட்பதற்கு முன்பே ஒவ்வொன்றின் வாசலிலும் கொண்டுபோய் நிறுத்தினேன். மூன்றாவது வாசலில் மாமா நின்றார்.

"மாப்பிள்ளை, நான் பார்க்க வந்தது ரைன். காலையிலேருந்து நீங்க காட்டறது பூரா கக்கூஸ்."

கமலா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ரசத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

படகு கிளம்பியது. மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நதியைப் பார்த்தபடி நின்றார். பின்னால் பெஞ்ச் காலியாக இருந்தது.

"உட்காருங்கப்பா" என்றாள் கமலா.

மாமா உட்கார்ந்தார்.

இப்போது அவர் இல்லை. அன்று அவருக்கு இருந்த வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். கமலா என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்கிறீர்களா? மன்னித்துவிட்டாள். ஆனால் எந்த ஊரானாலும் சரி, நான் "இதோ, பக்கத்தில்தான்" என்றால், சரி என்று தலையாட்டிவிட்டு எதிரே வருகிறவரிடம் ஒரு தரம் கேட்டுக்கொள்கிறாள்.