ஓரம் வெட்டிய மெட்டுப் புத்தகம்

ஆம்பூரில் ஒரு தோல் கிடங்குக்கு எதிரே பைண்டிங் கடை வைத்திருந்தேன். கிடங்கை நடத்திய ஸ்காட்லாந்து துரை தினமும் சாயங்காலம், தோல்பையில் காற்றடைத்து வாசிக்கும் பைக்குழல் ஊதுவார். பை எங்கள் ஊர் ஆட்டுத்தோலில் தைத்ததுதான். ஆனாலும் அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. "இன்னா பேஜாருடா இது!" என்று காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். ஆறு வருஷம் அப்படியே போனது.

விஷக்காய்ச்சலில் துரை போய்விட்டார். கப்பலேறப்போகும் துரைசானி ஒரு பழைய மெட்டுப் புத்தகத்தோடு கடைக்கு வந்தார். துரையின் பாட்டன் காலத்தில் அச்சடித்தது, தையல் விட்டுத் தாள்தாளாகக் கிடந்தது.

"துரையோட அப்பா ஊர்ல இருக்காரு. அவரும் ஊதுவாரு. மகன் ஊதின மாதிரியே ஒரு தடவ ஊதிட்டுக் கண்ண மூடணுமாம். நல்லா கட்டிக் குடு" என்றார்.

சிவப்புத் தோல் போட்டேன். கணக்குப் புத்தகங்களுக்குச் செய்வதுபோலவே தைத்து, அழுத்தி, மூன்று பக்கமும் ஓரத்தைச் சீராக வெட்டினேன். ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல், அழுக்கு போனது என்று சந்தோஷம் வேறு! வெட்டிய துண்டுகளைப் பசை காய்ச்சும் அடுப்பில் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

துரைசானி நாலு பக்கம் புரட்டினார். அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஓரத்துல எழுதியிருந்தது எங்கே?"

அச்சில் இருந்தது வெறும் மெட்டு. சுரத்துக்குச் சுரம் விரலை எப்படிச் சுழற்றினார் என்பதைத் துரை தன் கைப்பட ஓரத்தில் எழுதி வைத்திருந்தாராம். கிழவர் காத்திருந்தது அதற்குத்தான்.

"எரிச்சிட்டேம்மா" என்றேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை. திடீரென்று அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீ எதிர்லயே இருந்தியே! தினம் கேட்டியே! எனக்கு மெட்டு தெரியும், அந்த நெளிவுதான் வரலை. கடைசியா ஊதுவாரே, அது ஒண்ண மட்டும் பாடு. நான் எழுதிக்கிறேன்."

என் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"ஆறு வருஷமும் காதை அடைச்சிக்கினு இருந்தேம்மா" என்றேன்.