குமுதவேணிக்கு ஆட்சேபணை இல்லை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வில்லியனூரில் என் ஜவுளிக் கடையைத் திறந்து படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தேன். கரியமாணிக்கத்து வண்டிக்காரர் ஒருவர் மாட்டைக்கூட அவிழ்க்காமல் இறங்கி வந்தார்.

"முதலாளி, கோடித்துணி வேணும்" என்றார்.

யுத்த காலத்தில் நல்ல துணி கிடைப்பது அரிது. என்றாலும் சாவுக்கென்று ஒரு பீஸ் எப்போதும் எடுத்து வைத்திருப்பேன். "யாருக்குப்பா?" என்று கேட்டபடியே கஜக்கோலைக் கையில் எடுத்தேன்.

"பாகூர் கச்சேரி முருகையன் அய்யா. விடியக்காலம் பூட்டாரு. மவ வூட்லதான் இருந்தாரு."

நாலு கஜம் அளக்க வேண்டியவன் ஆறு கஜம் அளந்து கிழித்துவிட்டேன். முப்பது வருஷ வியாபாரத்தில் எனக்கு அளவு தப்பியது அன்றைக்குத்தான். கடையை மூடிவிட்டு அதே வண்டியில் ஏறிக்கொண்டேன்.

முருகையனார் பாகூர் கொம்யூன் கச்சேரியில், அதாவது ஊராட்சி ஆபீஸில், பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் பதிவு செய்யும் குமாஸ்தாவாக இருந்தவர். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, காதில் பென்சில். விதி என்றால் அவருக்கு உயிர். பிள்ளை பிறந்ததை ஒரு வாரம் கழித்துச் சொல்ல வந்த ஒருவரிடம், "ஏம்பா, புள்ள பொறந்தது ஒனக்கே இப்பதான் தெரியுமா?" என்று கேட்டதை நானே காதால் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, அந்த மனிதர் அபராதம் கட்டாமல் தப்ப வழியும் சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் பழக்கம் என் நாவலால் வந்தது. துணி விற்கிறவனுக்கு நாவல் எதற்கு என்று என் மனைவி அன்று கேட்டாள், இன்றும் கேட்கிறாள். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் 'குமுதவேணி அல்லது ஏரியூர்க் காதல்' என்ற நாவலின் முதல் பாகத்தை என் சொந்தச் செலவில் அச்சிட்டேன். குமுதவேணி பதினெட்டு வயதில் புருஷனை இழந்தவள். அவளுடைய சின்ன ஊரான ஏரியூருக்குப் புதிதாக வந்த பள்ளிக்கூட வாத்தியார் சபேசன் அவளை விரும்புகிறான். கல்யாணம் செய்துகொள்வதென்று இருவரும் முடிவு செய்வதோடு முதல் பாகம் முற்றும். இரண்டாம் பாகத்தில் அவளை ஏரியில் தள்ளிவிடுவதாக எனக்கு உத்தேசம். அந்த நாளில் நாவல் என்றால் அப்படித்தான். வாசகர் அழாவிட்டால் ஆசிரியருக்கு மதிப்பில்லை.

வேட்டி எடுக்க வந்த முருகையனாரிடம் ஒரு பிரதியைத் திணித்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு கத்தைச் சீட்டுகளோடு வந்து நின்றார். கச்சேரி வாசலில் முறைக்குக் காத்திருந்த ஜனங்களுக்கு மத்தியான வேளையில் கதையைப் படித்துக் காட்டி, ஒவ்வொருவர் அபிப்பிராயத்தையும் பெயர், ஊர், தொழிலோடு எழுதி வைத்திருந்தார்.

நான் ஆவலோடு பிரித்தேன். பாகூர் மீன்காரி ஒருத்தி: "ஏரி எப்படி இருக்கும்னு எட்டுப் பக்கம். நான் தெனம் பாக்கறேனே அத்த. பொண்ணப் பத்தி சொல்லுய்யா." கரும்பு வைத்திருந்த ஒருவர்: "வாத்தியாருக்கு நெலம் இருக்குதா? ரெண்டு பேரும் இன்னாத்த சாப்புடுவாங்க?" நடவுக்குப் போகும் அம்மாள் ஒருவர்: "அது இன்னா தப்பு பண்ணிச்சு? கட்டிக்கினு போவட்டும்." தவளக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் கதாநாயகி அதிகம் பேசுகிறாள் என்றிருந்தார். அவருடைய சம்சாரம், போதாது என்றிருந்தார்.

"இதெல்லாம் ஒரு அபிப்பிராயமா?" என்று எரிந்து விழுந்தேன். எட்டுப் பக்க ஏரி வருணனைக்கு நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

முருகையனார் சிரிக்கவில்லை. "அய்யா, கல்யாணம் வேணாம்னு எத்தினி பேரு சொல்லியிருக்காங்கன்னு பாருங்க" என்றார். எண்ணிப் பார்த்தேன். மூன்றே பேர். "அதத்தான் நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சீட்டுகளைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு போனார். எதற்காகப் பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. என் ஏரி எனக்குப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தைப் பாகூர்ப் பக்கம் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எங்கள் பிரெஞ்சு எல்லையில் ஒரு வழக்கம் உண்டு. கச்சேரியில் பதிவாகப் போகும் கல்யாணத்துக்கு முன், பெண் மாப்பிள்ளை பெயர்களை எழுதிப் பத்து நாள் வாசலில் தொங்கவிடுவார்கள். ஆட்சேபணை உள்ளவர் காரணத்தோடு வந்து சொல்லலாம். யாரும் வராவிட்டால் கல்யாணம் நடக்கும். முருகையனார் குமுதவேணிக்கும் சபேசனுக்கும் அப்படி ஒரு விளம்பரம் எழுதித் தொங்கவிட்டார். சர்க்கார் பலகையில் அல்ல. அது விதிக்கு விரோதம். பக்கத்தில் சொந்தமாக ஓர் ஆணி அடித்து, சொந்தக் காகிதத்தில்!

ஜனங்கள் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டார்கள். "எங்க கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம கூப்புட்டுச் சொல்லுவாங்க, இங்க பத்து நாள்தானா?" என்று ஒரு கிறிஸ்தவ அம்மாள் குறைப்பட்டுக்கொண்டாராம். வேண்டாம் என்ற மூவரில் இருவர் காரணம் கேட்டதும் நழுவிவிட்டார்கள். மூன்றாமவர் பெரிய நிலக்காரர். தாலி அறுத்தவளுக்கு ஏது கல்யாணம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். எட்டாம் நாள் அவரே திரும்பி வந்து, "கல்யாணம் பண்ணாதான் ரெண்டாம் பாகம் வருமா? அப்ப பண்ணித் தொலைங்க, கத தெரியாம தூக்கம் வரல" என்று வாபஸ் வாங்கிக்கொண்டார்.

சேதி என் காதுக்கு ஒன்பதாம் நாள் எட்டியது. சைக்கிளை மிதித்துக்கொண்டு பாகூருக்குப் போனேன். நான் எழுதிய கதைக்கு ஊரான் முகூர்த்தம் குறிப்பதா?

"ஆட்சேபணை!" என்றேன் கச்சேரிக்குள் நுழைந்ததும்.

"உக்காருங்க" என்று பென்சிலை எடுத்தார். "பேரு தெரியும். காரணம்?"

"எழுதினவன் நான். அவள் இரண்டாம் பாகத்தில் ஏரியில் விழப் போகிறாள்."

"ஏன் வுழணும்?"

"வாசகர்கள் அழ வேண்டும்."

வாசலில் தொங்கிய விளம்பரத் தாளை எடுத்து வந்து, அதன் அடியில் அதை அப்படியே எழுதினார். 'வாசகர்கள் அழ வேண்டும் என்பதற்காக.' கையெழுத்துப் போட்டேன்.

அப்போது அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த பெண், வெயிலில் வந்தவன் என்று எனக்கும் ஒரு செம்பு மோர் வைத்தாள். இருபது வயதிருக்கும். நெற்றியில் ஒன்றும் இல்லை. நான் குடித்து முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு, "அந்தப் பொண்ணு ஏரியிலதான் வுழணுங்களா?" என்று கேட்டாள்.

"கதை அப்படித்தானம்மா போகிறது" என்றேன், பெரிய மனிதனாக.

செம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். முருகையனார் தலையைத் தூக்கவில்லை. அவருடைய ஒரே மகள் தையல்நாயகி அவள். கல்யாணமாகி ஆறே மாதத்தில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். வீட்டுக்குப் போன பிறகு நான் ஏரிக் காட்சியை எழுத உட்கார்ந்தேன். அந்தப் பெண் செம்போடு எதிரில் நின்றாள். ஒரு வரிகூட ஓடவில்லை.

மூன்று வாரம் கழித்து முருகையனார் கடைக்கு வந்தார். "கூறைப் புடவ வேணும், நல்ல அரக்குல" என்றார்.

"யாருக்கு?"

"குமுதவேணிக்கு." பிறகு மெதுவாகச் சொன்னார்: "எம் பொண்ணுக்குங்க. கரியமாணிக்கத்துல ஒரு நல்ல பையன் ரெண்டு வருசமா கேட்டுக்கினு இருந்தான். எனக்கு மனசு உண்டு, தைரியம்தான் இல்ல. ஊரு இன்னா சொல்லுமோன்னு பயம். ஊர நேராக் கேக்க முடியுமா? ஒங்க கதைய வெச்சிக் கேட்டுப் பாத்தேன். நெஜ விளம்பரம் தொங்கி இன்னியோட ஏழு நாளு. ஒருத்தரும் வரல. கதப் பொண்ணுக்குச் சொன்ன சொல்ல, எம் பொண்ணுக்கு மாத்தவா போறாங்க?"

விதிதான் வாழ்வு என்றிருந்த மனிதர் என் கடைப் பலகையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வெட்கத்தால் குன்றிப்போனேன். ஊரில் எஞ்சிய ஒரே ஆட்சேபணை என்னுடையது! இருந்ததிலேயே நல்ல அரக்குப் புடவையை எடுத்து வைத்தேன். அந்தக் கல்யாணத்தில் முதல் பந்தியில் சாப்பிட்டேன். இரண்டாம் பாகத்தில் குமுதவேணிக்கும் கல்யாணம் செய்து வைத்தேன். ஏரி ஒரே பக்கம்தான் வந்தது. மீன்காரி அதற்கும் நன்றி சொல்லி அனுப்பினாள்.

ஆனால் முருகையனார் என்னை விடவில்லை. பார்க்கும்போதெல்லாம், "ஒங்க ஆட்சேபணை இன்னும் அப்படியே கெடக்குது. வந்து வாபஸ் கையெழுத்துப் போடுங்க" என்பார். "புத்தகமே வந்துவிட்டதே ஐயா" என்பேன். "புஸ்தகம் வேற, கையெழுத்து வேற" என்பார். எழுதியவன் என்ற வீம்பு எனக்கு. சிரித்து மழுப்பியே பன்னிரண்டு வருஷங்களை ஓட்டிவிட்டேன். ஒரு நடை போய்க் கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

கரியமாணிக்கத்தில் வண்டி நின்றபோது வீட்டு வாசல் நிறைந்திருந்தது. அவரை முன்கட்டில் கிடத்தியிருந்தார்கள். காதருகே பென்சில் இல்லாத அவர் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆறு கஜத் துணியையும் மருமகன் வாங்கிப் போர்த்தினார்.

தையல்நாயகி இரண்டு குழந்தைகளையும் அண்டை வீட்டு அம்மாளிடம் விட்டுவிட்டு உள்ளே போய், என் முதல் பாகத்தை எடுத்து வந்தாள். நடுவில் அந்த விளம்பரத் தாள், நான்காக மடித்தபடி. ஆணி குத்திய ஓட்டைகூட அப்படியே இருந்தது.

"நீங்க வந்தா இதுல கையெழுத்து வாங்கச் சொன்னாரு" என்றாள். "பாக்கி நீங்க ஒருத்தர்தானாம்."

அவர் பென்சிலையே கேட்டு வாங்கினேன். அவருடைய காலடியில் உட்கார்ந்து, என் பழைய வரிக்குக் கீழே எழுதினேன்: 'ஆட்சேபணையை வாபஸ் பெறுகிறேன். காரணம்: அவள் வாழ வேண்டும்.' எழுத்து கோணலாகத்தான் வந்தது. போய் வாருங்கள், ஐயா. தாமதமானதற்கு அபராதம் போடாமல் என்னையும் தப்ப விடுங்கள்.

தையல்நாயகி அதை இரண்டு தரம் படித்தாள். அழுத முகத்தோடே லேசாகச் சிரித்தாள். பிறகு எழுந்து போய், தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி வாசல் சுவரில் இருந்த ஆணியில் அந்தத் தாளைக் குத்தினாள்.

"பத்து நாள் தொங்கட்டும்" என்றாள்.