படத்துக்குப் பின்னால் இருந்த செக்

விடுதி ஆபீஸ் பழைய நண்பர்களுக்கு...

என்னைப் பற்றிப் போன வாரம் இந்த வாட்ஸ்ஆப் குழுவில் எழுதிச் சிரித்த இரண்டு விஷயங்களும் தவறு. கணவரை இழந்தவள் என்று இரக்கப்பட்டு எனக்கு வேலை கொடுத்தார்களாம். முதல் சம்பள செக்கை என்ன செய்வதென்று தெரியாமல் ஆறு மாதம் வீட்டிலேயே வைத்திருந்தேனாம்.

வேலையை நான் விண்ணப்பம் போட்டுத்தான் வாங்கினேன். செக்கை என்ன செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

அது 2008. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலை பஸ்ஸில் ஜன்னல் கம்பி உப்புக் காற்றில் பிசுபிசுக்கும். பிடித்த கையை முகர்ந்தால் இரும்பு வாசனை. இன்றைக்கும் எனக்கு அதுதான் வேலைக்குப் போகிற வாசனை.

கல்லூரி விடுதி ஆபீசுக்கு கிளார்க் வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருந்தது. அதில் மூன்று பிழைகள். சிவப்புப் பென்சிலால் திருத்தி, விண்ணப்பத்தோடு பின் அடித்து அனுப்பினேன். கான்வென்ட்டில் படித்தபோதே பிழை திருத்திப் பழகிய கை... சும்மா இருக்காது.

இன்டர்வியூவுக்கு என்னோடு வந்த மூன்று பெண்களுக்கும் இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வார்டன் அம்மா என் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதத் திருத்தினது யாரு?"

"நான்தான்."

"வயசு?"

"ஐம்பத்து மூன்று. விண்ணப்பத்திலேயே இருக்கிறது."

"திங்கக்கிழமை வந்துடுங்க. ஆனா என் நோட்டீசயெல்லாம் திருத்தக் கூடாது."

மூன்றாம் நாளே திருத்தினேன்.

செல்வி அங்கே மெஸ் சூப்பர்வைசர். கடலோரத்து மீன்பிடிக் குடும்பம், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். பாதை வேலை நடந்ததால் ரயில் ஓடாத வருஷங்கள் அவை. அதனால் எங்கள் இருவருக்கும் ஒரே பஸ்தான். நான் கடலூர் முதுநகரில் ஏறுவதற்குள் பக்கத்து சீட்டில் கைக்குட்டை விரித்திருப்பாள்.

"யக்கா, இங்க இங்க! ஒங்க சீட்டுக்காக ஒரு ஆளுகிட்ட சண்டையே போட்டுட்டேன்."

"சத்தம் போடாதே செல்வி."

"சத்தம் போடலன்னா சீட்டு போயிடும்க்கா!"

முதல் சம்பளம் செக்காக வந்தது. அன்று சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் எனக்கு இட்லியும் கொத்சும் வாங்கிக் கொடுத்தது செல்வி. பஸ்ஸில் சொன்னாள்:

"புது வலைல விழுற மொத மீன நாங்க விக்க மாட்டோம்க்கா. அம்மனுக்குக் குடுத்துடுவோம். இத ஒரு ராத்திரியாச்சும் மாமா படத்துக்கிட்ட வைங்க. நாளைக்கு பேங்க்ல போட்டுக்கலாம்."

கல்யாணமான புதிதில், வேலைக்குப் போகட்டுமா என்று அவரிடம் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். "எதுக்கு? நான் இருக்கேன்ல" என்றார். பிரியமாகத்தான் சொன்னார். நானும் திரும்பக் கேட்கவில்லை. அதன்பிறகு வீட்டுக்கு வந்த கவரெல்லாம் அவர் பெயரில்... இல்லையென்றால் 'திருமதி' என்று போட்டு அவர் பெயரில்.

இந்தச் செக்கில் என் பெயர் மட்டும் இருந்தது.

முன்னால் வைத்தால் வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று, படத்துக்கும் பின் அட்டைக்கும் நடுவே செருகினேன். மறுநாள் எடுக்கப் போனேன்... கை வரவில்லை. எடுத்தால், அவரிடம் சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தியது போல இருக்கும் என்று தோன்றியது.

அடுத்த மாதச் செக்கை நானே கணக்குத் திறந்து, நானே சலான் எழுதிப் போட்டேன். அதற்கடுத்ததையும் போட்டேன். முதல் செக் மட்டும் அங்கேயே இருந்தது. இது செல்வி ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆறு மாதம் தாண்டி, செக் காலாவதியான பிறகு அக்கவுண்ட்ஸில் கூப்பிட்டார்கள். "ஏம்மா, ஒங்களுக்குப் பணம் வேணாமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். படத்துக்குப் பின்னால் வைத்ததை அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? மெஸ் பில்லோடு நின்றிருந்த செல்வி குறுக்கே வந்தாள்.

"அக்காவுக்கு அப்ப பேங்க் பழக்கமே இல்ல சார். எங்க போயி என்னா கேக்குறதுன்னு பயந்துகிட்டு வச்சுட்டாங்க."

அறையே சிரித்தது. பழைய செக்கை வாங்கிக்கொண்டு புதியது எழுதிக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில், "என்னை ஒன்றும் தெரியாதவள் ஆக்கிவிட்டாய்" என்றேன்.

"நீங்க சொல்ல முடியாம நின்னதத்தானேக்கா நான் மறச்சேன்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை கைக்குட்டை விரித்திருந்தது. நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதற்கடுத்த நாளும் விரித்திருந்தது. நான்கு நாள் விரித்தாள். ஐந்தாம் நாள் அந்த சீட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு மெஸ் பில் தவிர வேறு பேச்சில்லை. 2011-ல் அவள் வேறு வேலை கிடைத்துப் போனபோது கேட் வரைக்கும்கூட நான் போகவில்லை. போயிருக்கலாம்... நூறு அடி தூரம்.

இப்போது பணம் வந்தால் போன் ஒரு சத்தம் போடுகிறது. கையில் எடுத்துப் பார்க்க ஒன்றுமில்லை, படத்துக்குப் பின்னால் வைக்கவும் ஒன்றுமில்லை. போன மாதம் சிதம்பரம் போனேன். ரயிலில் ரிசர்வ் செய்த சீட், ஜன்னலோரம். யாரும் யாரோடும் சண்டை போட்டுப் பிடித்த சீட் அல்ல.

செல்வி, நீயும் இந்தக் குழுவில் இருக்கிறாய். போன வாரம் அவர்கள் எழுதிச் சிரித்ததைப் படித்திருப்பாய். உண்மை தெரிந்த ஒரே ஆள் நீ. ஒரு வார்த்தை எழுதவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்காக மறைத்துக்கொண்டிருக்கிறாய். இனி வேண்டாம். நானே சொல்லிவிட்டேன்.

புதுச் செக்கின் பணத்தில் உனக்கு ஒரு பிளேட் இட்லி கொத்சு வாங்கித் தந்திருக்க வேண்டும். இப்போதும் தரலாம் என்றுதான் நினைக்கிறேன்.

கட்டைவிரல் படம் அனுப்பாதே, வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். என்மேல் கோபம் இருந்தால் அதையும் சேர்த்து, இரண்டு வரியாவது எழுதிப் பதில் போடு. பிழை எதையும் திருத்த மாட்டேன்.