தூளிக் கயிறு

போன வருடம், பொங்கல் முடிந்த வாரம். கோவளத்திலிருந்து கடற்கரையை ஒட்டியே புதுச்சேரிவரை ஐந்து நாள் தனியாக நடப்பது, வழியில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமக் என்னும் துணி ஊஞ்சலைக் கட்டித் தூங்குவது என்று கிளம்பினேன். கல்லூரி நாட்களில் இப்படி நிறைய நடந்திருக்கிறேன். குழந்தை பிறந்தபின் அதுதான் முதல் முறை. கணவர்தான், "நீ போய்ட்டு வா, நான் பார்த்துக்கறேன்" என்று தைரியம் சொன்னார்.

அஸ்தினாபுரத்தில் எங்கள் வீடு. முந்தின நாள் பை கட்டும்போது, ஹேமக்கின் கயிறு நீளம் போதாது என்று தோன்றியது. கடைக்குப் போக நேரமில்லை. மகனின் தூளிக் கயிற்றைக் கொக்கியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டேன். அவனுக்கு ஒன்றரை வயது. இரண்டு வாரமாகப் பாயிலேயே தூங்கப் பழகியிருந்தான். ஐந்து நாளுக்குத் தூளி வேண்டியிருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். கணவரிடம் சொல்லவில்லை.

முதல் நாள் சாயங்காலம். கோவளம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு. தோப்பை ஒட்டிய வீட்டில் இருந்த, மீன் விற்கும் அக்காவிடம் அனுமதி கேட்டுவிட்டு ஹேமக்கைக் கட்டினேன்.

"இன்னாம்மா, இம்மாம் பெரிய பொண்ணு தூளி கட்டிக்கினு கீற? ஆட்டி வுடவா?" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதுதான் கணவரிடமிருந்து போன் வந்தது. தூளிக் கயிற்றின் முடிச்சை இறுக்கிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி ஒரே அழுகை. தூளிலதான் தூங்குவேங்கறான். கயிறு எங்கம்மா?"

என் கை அந்த முடிச்சின் மேலேயே இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் "சரி விடு" என்றிருப்பார், அவ்வளவுதான். ஆனால் பிள்ளையின் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தவள் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"அங்கதான் இருக்கும், தேடிப் பாருங்க" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடியும் போன். துணி காயப்போடும் நைலான் கயிற்றில் தூளி கட்டியிருக்கிறார். முடிச்சு வழுக்கிவிட்டது. குழந்தைக்குப் புருவத்துக்கு மேல் அடி. மூன்று தையல்.

உடனே கிளம்பப் பார்த்தேன், பதற்றத்தில் ஹேமக்கை அவிழ்க்க முடியவில்லை. அந்த அக்காதான் அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி, ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்தார்.

"இத்தத்தான் தேடிக்கினு இருந்தாரா வூட்டுக்காரரு?"

தலையாட்டினேன். அவர் கயிற்றைப் பையின் அடியில் வைத்து, சாலைவரை கூடவே வந்து பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டார். "கொயந்தைக்கு ஒண்ணியும் ஆவாது. அயாம போ."

வீட்டுக்குப் போனபோது, குழந்தை கட்டுப் போட்ட நெற்றியோடு கணவர் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் கண்கள் சிவந்திருந்தன. "என் முடிச்சுதான் சரியில்ல. சாரிம்மா" என்றார்.

அந்த நொடியிலாவது சொல்லியிருக்கலாம். "பரவாயில்ல, விடுங்க" என்றேன். தப்பு செய்த நான், தப்பே செய்யாத அவரை மன்னித்தேன்.

தழும்பு இப்போது ஓர் அரிசி அளவுதான். மகனுக்குத் தலை வாரும்போதெல்லாம் அவர் கட்டைவிரல் அங்கே போய் நிற்கிறது. அதன்பின் நாங்கள் வீட்டில் தூளியே கட்டவில்லை. "பாதியில விட்டுட்டு வந்தியே, மறுபடியும் போயேன்" என்று அவர்தான் வற்புறுத்துகிறார். கயிறு இன்னும் அந்தப் பையின் அடியிலேயே கிடக்கிறது. அதை எடுத்து அவர் கையில் கொடுக்காமல் இனி ஒரு கிலோமீட்டர்கூட என்னால் நிம்மதியாக நடக்க முடியாது.