நாலு கதிரையும் ஒரு சொல்லும்

என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் "உட்காருங்கோ" என்று சொன்னால் ஊர்ச் சனம் சிரிக்கும். "என்ன ரீச்சர், இந்தியாவிலையோ படிச்சனீங்கள்?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டேவிட்டார். யாழ்ப்பாணத்தில் யாரும் உட்காருவதில்லை. நாங்கள் இருப்போம். கதிரையில் இருப்போம், பாயில் இருப்போம், வீட்டில் இருப்போம், உயிரோடு இருப்போம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். அந்தச் சொல்லை நான் கைவிட்டதற்கு நாலு சாப்பாட்டு மேசைக் கதிரைகள் காரணம். அவற்றைத் தெரிவு செய்தவள் நான்தான். அதனால் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கியபோது தெல்லிப்பழையில் இருந்த எங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று அடுப்பில் இருந்த குழம்பைக்கூட மூடிவைத்துவிட்டு வந்தோம். அம்மாவுக்கு ஏற்கெனவே நெஞ்சு வருத்தம், மருந்தோடு இருந்தவர். மூன்று இடம் மாறி, கோண்டாவிலில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்த ஐந்தாம் மாதம் அவர் எங்களை விட்டுப் போய்விட்டார். பிறகு நான், என் கணவர், கைக்குழந்தையாக இருந்த மகள், அப்பா என்று நாலு பேர். வீட்டுச் சொந்தக்காரர் கொழும்புக்குப் போனபோது பெரிய சாப்பாட்டு மேசையொன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார். கதிரைகள் இல்லை. கதிரை இல்லாத மேசையில் நாங்கள் அரிசி மூட்டையையும் என் பள்ளிக்கூடக் கொப்பிகளையும் அடுக்கி வைத்தோம்.

அப்பா முப்பது வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்தவர். தண்டவாளத்தின் மேல் நடந்து, எந்த ஆணி கழன்றிருக்கிறது, எந்தக் கட்டை இற்றிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. வாயாடி. சாப்பாட்டு நேரத்தில் அம்மா பக்கத்தில் இருந்து கதை கேட்கவேண்டும். கதை முடியும்போது சோற்றுக் கோப்பையும் காலியாகியிருக்கும். அம்மா போனபின் சமைக்கிற குசினியிலேயே யன்னலோடு சாய்ந்து நின்று இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். இடுப்புப் பட்டியில் புதிதாக மூன்று துளை போட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவைக் கொண்டுபோனது நெஞ்சு வருத்தம் என்றால் இவரைப் பட்டினி கொண்டுபோகும் என்று நினைத்தேன். நாலு கதிரை வாங்கி, எல்லோருமாகச் சேர்ந்து மேசையில் இருந்தால் மனிதர் சாப்பிடுவார் என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன்.

தொண்ணூற்றிரண்டில் அது லேசான காரியமில்லை. வன்னியிலிருந்து மரம் வருவது குறைந்துவிட்டது. கோண்டாவிலுக்குப் பக்கத்திலிருந்த தச்சுப் பட்டறைக்குப் போனேன். ஒரு பக்கம் முழுக்கச் சவப்பெட்டிகள். அந்த வருஷங்களில் தச்சர்களுக்கு அந்த வேலைதான் ஓயாத வேலை. மற்றப் பக்கத்தில் சில கதிரைகள். நான் பொருள் வாங்கப் போனால் கடைக்காரருக்குக் காய்ச்சல் வரும் என்று என் கணவர் சொல்வார். அன்றைக்கும் அப்படித்தான். வேப்பமரக் கதிரையைத் தட்டிப் பார்த்து, உளுத்த சத்தம் கேட்கிறது என்றேன். பலாக் கதிரை பச்சை மரத்தில் செய்தது. ஆறு மாதத்தில் பொருத்து விலகி ஆடும் என்றேன். சித்திர வேலைப்பாடு செய்த ஒன்றைக் காட்டினார். அந்தப் பூவிலும் கொடியிலும் சேரும் தூசியை யார் துடைப்பது என்று கேட்டேன்.

"அப்ப ரீச்சர், உதைப் பாருங்கோ" என்று மூலையிலிருந்து சாக்கை விலக்கினார்.

நாலு கதிரைகள். கைப்பிடி இல்லை, பூ இல்லை, ஒன்றுமில்லை. நிமிர்ந்த முதுகில் மூன்று குறுக்குச் சட்டங்கள், அகலமான இருக்கை, கறுப்புக்குக் கிட்டிய சிவப்பு நிறம். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஏறி இருந்து முன்னும் பின்னும் ஆட்டினேன். அசையவில்லை. பழைய காலத்துப் பெரிய வீடுகளில் இருக்கிற மாதிரி, நேற்றுச் செய்ததா நூறு வருஷத்துக்கு முன் செய்ததா என்று சொல்ல முடியாத கதிரைகள்.

"பாலை மரம். உங்கடை பேரப்பிள்ளையின்ரை கலியாணத்துக்கும் உது நிக்கும்" என்றார் தச்சர்.

காலைப் பார்த்தேன், பொருத்தைப் பார்த்தேன், அடியைப் பார்த்தேன். உட்பக்கத்தில் அங்கங்கே பெருவிரல் அகலத்தில் வட்டமாக மரத்துண்டு வைத்து அடைத்திருந்தது. அது பொருத்துக்கு வைத்த முளை என்று நினைத்தேன். மரம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பொருள் கிடைத்தால் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நாளைக்கு அது கிடைக்காது.

கதிரைகளை வண்டிலில் ஏற்றி வந்து மேசையைச் சுற்றி வைத்தேன். அரிசி மூட்டையை இறக்கினேன். அன்றைக்கு மீன்குழம்பு வைத்து, சோற்றைப் போட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"இருங்கோ அப்பா."

கதிரையின் முதுகில் கை வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு அதைச் சரித்து, உட்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். மரத்துண்டு வைத்து அடைத்த இடத்தில் விரல் நின்றது. அதைச் சுற்றித் துருவின் கறை கறுப்பாக ஊறியிருந்தது. குனிந்து மணந்து பார்த்தார்.

"பிள்ளை, உது தண்டவாள ஆணி இருந்த ஓட்டை. சிலிப்பர் கட்டையெல்லோ" என்றார்.

கோச்சி நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. ரயிலை எங்கள் ஊரில் கோச்சி என்றுதான் சொல்வோம். தண்டவாளத்தையும் அதைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளையும் கழற்றி எல்லா இடத்திலும் பங்கர் கட்டினார்கள். எங்கள் வளவிலும் குண்டுக்குப் பதுங்கும் குழிக்கு மேலே அந்தக் கட்டைகள்தான் கிடந்தன. அவற்றை இழுத்து வர அப்பாவும் கைகொடுத்தவர்தான்.

"பங்கருக்கும் உதுதானே போட்டனாங்கள்?" என்றேன்.

"பங்கர் உயிரைக் காக்குது. அதுக்குக் குடுக்கலாம். நான் முப்பது வருசம் உந்தக் கட்டையளைக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தனான். ஒண்டு இத்துப் போனாலும் எனக்கு நித்திரை வராது. அதுக்கு மேலை இருந்து சோறு தின்னச் சொல்லுறியே?"

கோப்பையை எடுத்துக்கொண்டு குசினி யன்னலடிக்குப் போய்விட்டார்.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கணவர் சொன்னார். எனக்கு ரோசம். சுற்றித் திரிந்து, ஆட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து நான் வாங்கிய கதிரை. இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு இருப்பார் என்று பிடிவாதமாக நின்றேன். ஒரு நாளைக்கு மூன்று தரம், "இருங்கோ அப்பா" என்பேன். "நில்லு, வாறன்" என்று சொல்லி ஆள் மறைந்துவிடுவார். மெத்தை தைத்துப் போட்டேன். சேலைத் துணியால் மூடிப் பார்த்தேன். மகளைப் பழக்கினேன், அவள் மழலையில் "தாத்தா இலுங்கோ" என்று கதிரையைத் தட்டுவாள். அவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு நின்றபடியே சாப்பிடுவார்.

"மாமாவிட்டை றெயில்வே பாஸ் இல்லை. அதுதான் ஏறமாட்டன் எண்டுறார்" என்பார் என் கணவர். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. அவருடைய தோள் எலும்பு சேட்டுக்கு மேலால் தெரிந்தது. குண்டு போடுகிற பொம்மர் வந்தால் பங்கருக்குள் ஓடி, அதே சிலிப்பர் கட்டைக்குக் கீழே மகளை மடியில் வைத்துக்கொண்டு, காங்கேசன்துறையிலிருந்து ஒவ்வொரு ஸ்டேசனாகப் பேர் சொல்லுவார். அதற்குள் ஒரு துண்டு பாண் கொடுத்தால் அவளோடு சேர்ந்து முழுக்கச் சாப்பிடுவார். குண்டு விழும்போது சாப்பிடுகிற மனிதர் மேசையில் சாப்பிட மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

இத்தனைக்கும் அந்தக் கதிரைகளைப் பேணியவர் அவர்தான். கிழமைக்கு ஒருமுறை வேப்பெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பார். ஏன் என்று எனக்குத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தொடக்கத்தில்தான் விளங்கியது. அப்போது சண்டை சில மாதம் ஓய்ந்திருந்தது. கோச்சி திரும்ப ஓடப்போகிறது என்று சனம் கதைத்தது. அப்பா சேட்டுப் போட்டுக்கொண்டு போய், பற்றை மண்டிக் கிடந்த ரயில் பாதையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கட்டை ஒண்டும் இல்லைப் பிள்ளை. எல்லாரும் எடுத்ததைத் திருப்பிக் குடுக்கவேணும். நாங்களும் உந்த நாலையும் குடுத்திடுவம்."

"அறுத்த கட்டையைத் திரும்ப ஒட்டுறதோ அப்பா? உங்களுக்கு மூளை பிசகிப் போச்சோ?" என்று கத்தினேன். அவர் வேப்பெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு கதிரையடிக்குப் போனார். அவ்வளவு காலமும் அவர் அவற்றை ரயில்வேயின் பொருளாக வைத்துத் துடைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டால் எனக்குக் கோபம் கூடும். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. சித்திரையில் சண்டை மறுபடி தொடங்கியது. கோச்சிக் கதையும் நின்றுபோனது.

அந்த ஐப்பசியில் ஒரு பின்னேரம், எல்லோரும் உடனே தென்மராட்சிப் பக்கம் போய்விட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஷெல் சத்தம் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. விடிய வெளிக்கிடுவது என்று முடிவு செய்தோம். விடிந்தபோது மழை. ஒழுங்கை முழுக்கச் சனம், சைக்கிள், மாடு. எங்களிடம் ஒரு சைக்கிள். அதில் மகளையும் ஒரு மூட்டையையும் வைத்துக் கணவர் கட்டிக்கொண்டிருந்தார். நான் மிச்சச் சோற்றைப் பொதி செய்தேன். அப்பா விறாந்தையில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேட்டுப் போடவில்லை.

"நான் வரேல்லைப் பிள்ளை. நீங்கள் போங்கோ."

முதலில் கெஞ்சினேன். கால் ஏலாது என்றார். ஆறுதலாக நடப்போம் என்றேன். "ஒருக்கால் வெளிக்கிட்டுத்தானே கொம்மாவைக் குடுத்தனாங்கள்" என்றார். அம்மாவின் பேச்சை எடுத்ததும் எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. மகள் மழையில் நனைந்து அழுகிறாள். கணவர் "வெளிக்கிடுங்கோ, வெளிக்கிடுங்கோ" என்று அந்தரப்படுகிறார். சோற்றுப் பொதியை மேசையில் ஓங்கி வைத்தேன்.

"அப்ப இருங்கோ!" என்று கத்தினேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். மெல்ல உள்ளே நடந்து வந்தார். மேசையடிக் கதிரையை இழுத்தார். இருந்தார். மூன்று வருஷத்தில் முதல் தரம். இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு, "ஓம் பிள்ளை, இருக்கிறன். சோத்தைப் போடு" என்றார்.

நான் போட்டேன். வேறு என்ன செய்ய? பொதியை அவிழ்த்துக் கோப்பையில் கொட்டி, பருப்பு விட்டுக் கொடுத்தேன். ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அம்மா இருக்கிற மாதிரி ஒரு கதை கேட்டிருக்கலாம். கணவர் உள்ளே வந்து, "மாமா, எழும்புங்கோ" என்று தோளைப் பிடித்தார். அப்பா இருக்கையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கதிரையோடு தூக்கிப் பார்த்தார் கணவர். நான் தேடித் தேடி வாங்கிய பாலை மரம் அசையவில்லை.

"போட்டு வாங்கோ. பிள்ளை நனையுது" என்றார் அப்பா.

பக்கத்து வீட்டில் படுக்கையாய்க் கிடந்த தமக்கையை விட்டு வர முடியாமல் ஒரு மனிசி நின்றுவிட்டார். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லிவிட்டுச் சனத்தோடு சனமாக நடந்தோம். நாவற்குழிப் பாலம் வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இரண்டு நாளில் சமாதானமாகி வந்துவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு நாளில் பாதை மூடிவிட்டது.

அடுத்த சித்திரையில்தான் எங்களால் திரும்ப முடிந்தது. அப்பா மாசியில் காய்ச்சலில் போய்விட்டார். ஊரில் எஞ்சியிருந்த நாலைந்து பேர் சேர்ந்து கொள்ளி வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கூரையில் பாதி இல்லை. மேசை இருந்தது. நாலு கதிரையும் இருந்தன.

பக்கத்து வீட்டு மனிசி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் கஞ்சி கொண்டு போய்க் குடுப்பன். முந்தி மாதிரிக் குசினிக்கை நிண்டு குடிக்க மாட்டார், பிள்ளை. தள்ளாடித் தள்ளாடி மேசைக்குப் போய்க் கதிரையிலை இருந்துதான் குடிப்பார். ஏன் ஐயா உப்பிடிக் கஷ்டப்படுறியள் எண்டு கேட்டால், 'மகள் இருக்கச் சொல்லிப்போட்டுப் போனவள்' எண்டு சொல்லுவார்."

"சிரிச்சுக்கொண்டோ சொன்னவர், கோவமாவோ?" என்று கேட்டேன்.



"அது நினைவில்லைப் பிள்ளை" என்றார் மனிசி.