வேப்பங்கொத்துக்குள் கட்டெறும்பு

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, திண்டிவனம் பக்கத்து அம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். அங்கே பாதிப்பேர் கும்பிட வருவதில்லை, கேட்க வருகிறார்கள். யார்மேலாவது ஆத்தா இறங்கினால் மனசில் உள்ளதைக் கேட்டு, பதிலோடு வீட்டுக்குப் போவார்கள். நானோ, சாமியாடுகிறவர்களைப் போல ஆடிக்காட்டி டீக்கடையில் சிரிப்பு வாங்குகிற ஆள்.

வேண்டுதலுக்கு வாங்கிய வேப்பங்கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டு மனைவி கூழ் வாங்கப் போனாள். அக்குளில் இடுக்கிக்கொண்டேன். உள்ளே கட்டெறும்பு குடும்பத்தோடு இருந்திருக்கிறது. வெற்றுடம்பு. முதல் கடிக்கே குதித்தேன். பம்பைக்காரர் என்னைப் பார்த்து அடியைக் கூட்டினார். வேட்டிக்குள் இரண்டு இறங்கின. நான் வேகமாகக் குதிக்க, அவர் இன்னும் வேகமாக அடிக்க, சுற்றிலும் குலவை, தலையில் மஞ்சத்தண்ணி. எறும்பு என்று சொன்னால் உதை விழுமோ என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

காலில் யாரோ விழுந்தார்கள். ஓரக்கண்ணால் பார்த்தேன், என் அம்மா வயசு.

"தாயே, வளவனூர்லேர்ந்து வர்றேன். செவ்வாக்கெழம விழுப்புரம் பெரியாஸ்பத்திரில எம் பொண்ணுக்கு வயித்துல ஆபரேஷன். பயந்துக்கினு வேணான்றா. பண்லாமா?"

"பண்ணுடி. நான் கூடவே நிப்பேன்" என்றேன். கையேந்தினாள். அதே கொத்தில் ஒரு இணுக்கு ஒடித்துக் கொடுத்தேன்.

பஸ்ஸில் மனைவி என் முதுகுத் தடிப்பைப் பார்த்து, "ஆத்தா கடிச்சிட்டாளா?" என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "நிப்பேன்னு சொன்னீங்க இல்ல, போய் நில்லுங்க."

செவ்வாய்க்கிழமை பேன்ட், மூக்குக்கண்ணாடியோடு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றேன். பெஞ்சில் இருந்த அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"யாருக்குப்பா?"

"தெரிஞ்சவங்களுக்கு."

"எவ்ளோ நேரம் நிப்ப? உக்காரு."

உட்காரவில்லை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காய்ந்துபோன இணுக்கில் பாதியைக் கிள்ளி என் கையில் வைத்தாள். "ஆத்தா குடுத்தது. இத நம்பித்தான் எம் பொண்ணு உள்ள போச்சு. உங்காளுக்கும் நல்லாயிடும்."

வாங்கிக்கொண்டேன். அவள் அந்தப்பக்கம் திரும்பியதும் எறும்பு இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த நேரத்திலும் அதைத்தான் பார்த்தேன்.

மத்தியானம் நர்ஸம்மா வெளியே வந்து, பொண்ணு நல்லாயிருக்கு, கொஞ்ச நேரத்தில் பார்க்கலாம் என்றார். அந்த அம்மா அழுதுகொண்டே எழுந்தாள். ரெண்டடி போனவள் நின்று, "உங்காளு எப்பப்பா வெளிய வரும்?" என்றாள்.

"வந்துட்டாங்கம்மா" என்றேன். அவள் போனபிறகுதான் உட்கார்ந்தேன்.